பச்சிலையும் மாத்திரையும் - மறைப்பதால் யாருக்கு நஷ்டம்?

ஜெயங்கொண்டம் பக்கத்துக் கொல்லைகளில் கண்வலிக்கிழங்கு பயிராகிறது. செங்காந்தள் என்று பழைய நூல்கள் சொல்லுகிற அதே கொடிதான். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுதான். பூக்கிற பருவத்தில் கூலிப் பெண்கள் வரிசையாக நின்று, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் கையாலேயே தடவிவிடுகிறார்கள். அப்போதுதான் காய் நன்றாகப் பிடிக்கும். காய்க்குள் இருக்கும் விதைதான் வியாபாரச் சரக்கு. அது கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்கே மருந்துக் கம்பெனிகள் அதிலிருந்து கோல்சிசின் என்ற சத்தைப் பிரித்தெடுக்கின்றன. மூட்டு வீங்கித் துடிக்கிற கீல்வாத நோய்க்கு அது மாத்திரையாகி, அட்டையில் அடைக்கப்பட்டு, மெடிக்கல் ஷாப்பில் விலைக்கு வருகிறது.

விதையில் இருக்கும்போது அதன் பெயர் மூலிகை. அட்டைக்குள் போனதும் அதன் பெயர் இங்கிலீஷ் மருந்து. நடுவில் என்ன மாறியது? சத்து மாறவில்லை. அளவு தெரிந்தது, பெயர் அச்சடிக்கப்பட்டது, விலை ஏறியது. அவ்வளவுதான்.

இந்தக் கிழங்கு உயிரைக் குடிக்கும் விஷம் என்பதை அந்த வட்டாரத்து ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே சத்து, டாக்டர் எழுதிக்கொடுத்த அளவிலேயே உள்ளே போனாலும், இன்னொரு மருந்தோடு சேர்ந்தால் உயிரைப் பறிக்கக்கூடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2005-ம் வருஷம் ஹாங்காங் டாக்டர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கோல்சிசினையும், கிளாரித்ரோமைசின் என்ற கிருமி மருந்தையும் ஒரே சமயத்தில் பெற்ற ஆஸ்பத்திரி நோயாளிகள் 88 பேர். அவர்களில் 9 பேர் இறந்துபோனார்கள். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்றவர்கள் 28 பேர். அவர்களில் இறந்தவர் ஒருவர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல மருந்துகள்தான். சேர்ந்தபோது ஒன்று மற்றதை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தடுத்தது. தங்கிப்போன சத்து விஷமாயிற்று.

ஆஸ்பத்திரிக்குள்ளே, டாக்டர்களின் கண் முன்னாலேயே, பெயரும் அளவும் தெரிந்த இரண்டு மருந்துகளுக்குள் இப்படி நடக்கிறது. அப்படியிருக்க, பெயரும் அளவும் தெரியாத சூரணம் ஒன்றும், டாக்டர் கொடுத்த மாத்திரை ஒன்றும் ஒரே வயிற்றில் விழுந்தால் என்ன நடக்கும் என்று யார் பார்க்கிறார்கள்? யாரும் பார்ப்பதில்லை. ஏனென்றால் நோயாளி சொல்வதில்லை. டாக்டர் கேட்பதில்லை. வைத்தியரும் கேட்பதில்லை. இந்த மௌனத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு பேர் சொல்லும் ஒரே பொய்

பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்து லேகியம் விற்கிறவர் என்ன சொல்லுகிறார்? "இது மூலிகை. பக்கவிளைவே கிடையாது. எந்த மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிடலாம்" என்கிறார். டெலிவிஷனிலும் செல்போனிலும் வருகிற விளம்பரங்களும் அதையேதான் சொல்லுகின்றன. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். நாட்டு மருந்து என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். "வெறும் தழையைத் தின்றுவிட்டு என்னிடம் ஏன் வருகிறாய்?" என்று கடிகிறார்கள்.

பார்வைக்கு இவர்கள் எதிரெதிர் கட்சிக்காரர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுகிறார்கள். மூலிகைக்கு வீரியம் இல்லை என்கிறார்கள்! கெடுதலே செய்யாது என்று ஒருவர். நன்மையே செய்யாது என்று மற்றவர். வேலை செய்கிற எந்தச் சரக்கும், இடம் தப்பினால் கெடுதலும் செய்யும். கெடுதல் செய்யவே செய்யாது என்றால் அது மருந்தே அல்ல.

நம்முடைய பழைய வைத்தியம் இப்படி ஒருநாளும் சொன்னதில்லை. மருந்து கொடுத்தால் பத்தியம் சொல்லாத வைத்தியர் உண்டா? புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது என்று எதற்காகச் சொன்னார்கள்? தேனில் குழைத்துக் கொடு, நெய்யில் கொடு, வெந்நீரில் கொடு என்று அனுபானம் மாற்றிச் சொன்னது எதற்காக? ஒன்றோடு ஒன்று சேரும்போது மருந்தின் வேகம் மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். சித்த வைத்தியத்தில் நட்புச் சரக்கு, பகைச் சரக்கு என்ற பாகுபாடே இருக்கிறது. ஆகவே "எதனோடும் சேர்த்துச் சாப்பிடலாம்" என்பது சித்தர் சொன்ன வார்த்தை அல்ல; சரக்கு விற்கிறவன் சொன்ன வார்த்தை.

வெங்காயக் கொல்லையில் ஒரு மயக்கம்

சர்க்கரை நோய் பணக்காரர் நோய் என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. இன்று நாற்று நடுகிறவர், கரும்பு வெட்டுகிறவர், மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர் எல்லோர் வீட்டிலும் சர்க்கரை மாத்திரை இருக்கிறது. அதோடு சிறுகுறிஞ்சான் பொடியும் இருக்கிறது. வெந்தயமும் பாகற்சாறும் இருக்கின்றன.

சிறுகுறிஞ்சான் வேலை செய்யுமா? செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறை ஆராய்ச்சியாளர்கள் 1990-ம் வருஷம் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டுவந்த சர்க்கரை நோயாளிகள் 22 பேருக்கு, அந்த மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் இலைச் சத்தையும் தினம் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய சர்க்கரை இறங்கியது. பலருக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. 5 பேருக்கு மாத்திரையையே நிறுத்த முடிந்தது.

இது சிறிய ஆராய்ச்சிதான். முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. ஆனால் இதிலுள்ள பாடத்தைக் கவனியுங்கள். இலை வேலை செய்யச் செய்ய மாத்திரையைக் குறைக்க வேண்டியிருந்தது. அங்கே ரத்தத்தைச் சோதித்துக் குறைத்தார்கள். நம் வீட்டில் யார் குறைக்கிறார்கள்? டாக்டர் மாத்திரையின் முழு அளவு ஒரு பக்கம். யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டிப் பொடி இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன. இப்படி இரண்டும் சேர்ந்து சர்க்கரையை இறக்குவது 1979-ம் வருஷமே லண்டன் மருத்துவப் பத்திரிகையான லான்செட்டில் வெளியாயிற்று. குளோர்புரோபமைடு மாத்திரை சாப்பிட்டுவந்த ஒரு பெண், பாகற்காயும் பூண்டும் சேர்ந்த கறி சாப்பிட்டபோது சர்க்கரை எதிர்பார்த்ததைவிட இறங்கியிருந்தது.

எண்ணிப் பாருங்கள். செட்டிக்குளம் பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்கப் போகிற ஒரு தாய். விடியற்காலையில் கிளிமெப்பிரைடோ கிளிபென்கிளமைடோ ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் குறிஞ்சான் பொடி. கஞ்சி குடிக்க நேரமில்லை; வண்டி வந்துவிட்டது. பத்து மணிக்குக் குனிந்த தலை நிமிரும்போது உடம்பு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது, பேச்சு குழறுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்து நிழலில் படுக்கவைத்து விசிறுவார்கள். அது வெயில் அல்ல. சர்க்கரை இறங்கிய மயக்கம். நினைவு இருக்கும்போதே வெல்லமோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்தால் பிழைத்துக்கொள்வார். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சடைத்துவிடும். 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதே மயக்கம் ஓடுகிற மெஷின் முன்னால் நிற்கிற தொழிலாளிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உடம்புக்குள் ஒரு ஆலை

மருந்து உடம்புக்குள் போனதும் என்ன ஆகிறது? குடல் அதை உள்ளே எடுக்கிறது. கல்லீரல் அதை உடைத்து வெளியே அனுப்புகிறது. டாக்டர் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கணக்குப் போடுவது, இந்தக் கல்லீரல் வழக்கமான வேகத்தில் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான். சில சரக்குகள் அந்த வேலையைத் தடுக்கின்றன, மருந்து தேங்குகிறது. சில சரக்குகள் வேலையைத் துரிதப்படுத்துகின்றன. மருந்து பலன் தருவதற்கு முன்பே உடைந்து போய்விடுகிறது.

நம் வீட்டு மிளகையே எடுத்துக்கொள்வோம். மிளகின் காரத்துக்குக் காரணம் பிப்பெரின் என்ற சத்து. திப்பிலியிலும் அது உண்டு. ஜம்முவில் உள்ள சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்தில் இதை ஆராய்ந்தார்கள். 1991-ம் வருஷம் வெளியான முடிவு இது: தினம் 20 மில்லிகிராம் பிப்பெரின் ஏழு நாள் சாப்பிட்டவர்களுக்கு, ரத்தக் கொதிப்புக்கான ப்ரோப்ரனலால் மருந்தும், இரைப்புக்கான தியோபிலின் மருந்தும் ரத்தத்தில் அதிகமாக ஏறின. தியோபிலின் அளவு மீறினால் நெஞ்சு படபடக்கும், வலிப்புகூட வரும். தூசியில் வேலை செய்து மூச்சு இரைக்கிறவர் அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, சளி கரையட்டும் என்று திரிகடுகச் சூரணத்தையும் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டால்?

ரசத்தில் போடுகிற மிளகைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். சூரணமாக, தினந்தோறும், மருந்தளவில் சாப்பிடுவதைத்தான் சொல்லுகிறேன்.

இதே மிளகின் குணத்தை விஞ்ஞானிகள் நன்மைக்கும் திருப்பினார்கள். காசநோய்க்குக் கொடுக்கிற ரிபாம்பிசின் மருந்தை வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராமாகக் குறைத்து, அதோடு 10 மில்லிகிராம் பிப்பெரின் சேர்த்து ஒரு மருந்தை ஜம்மு ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கியது. குறைந்த மருந்தில் நிறைந்த பலன்! பார்த்தீர்களா? அளந்து, சோதித்து, தெரிந்து சேர்த்தால் அது வரம். அளவில்லாமல், ஒருவருக்கும் தெரியாமல் சேர்த்தால் அதுவே ஆபத்து. சரக்கு ஒன்றுதான்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் பம்பாயிலிருந்து வருகிறது. வலிப்பு நோய்க்கு பெனிட்டாயின் மாத்திரை சாப்பிட்டுவந்த இரண்டு நோயாளிகளுக்கு, கட்டுக்குள் இருந்த வலிப்பு மறுபடியும் வரத் தொடங்கியது. விசாரித்ததில், வடநாட்டில் சங்குபுஷ்பி என்று வழங்கும் மூலிகை சேர்ந்த ஆயுர்வேத மருந்தை அவர்கள் சாப்பிட்டுவந்தது தெரிந்தது. கே.இ.எம். ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அந்த மூலிகை மருந்து, ரத்தத்தில் பெனிட்டாயின் அளவைக் குறைத்துவிட்டது. இது 1992-ல் வெளியாயிற்று. வலிப்புள்ள ஒருவர் கிணற்று மேட்டில் நிற்கும்போது, அடுப்படியில் இருக்கும்போது, அவருக்குத் தெரியாமலே மாத்திரை பலமிழந்தால் என்ன கதி?

இது நம் நாட்டு மூலிகைக்கு மட்டும் உள்ள குறை என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குச் சாப்பிடுகிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஒன்று உண்டு. மாற்று இருதயம் பொருத்திக்கொண்ட இரண்டு பேர் அதைச் சாப்பிட்டார்கள். மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் காக்கிற சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கிவிட்டது. உடம்பு அந்த இருதயத்தை ஏற்க மறுக்கத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர டாக்டர்கள் 2000-ம் வருஷம் இதை எழுதினார்கள்.

கீரையும் டீயும்கூட

மருந்தென்றே நாம் எண்ணாத பொருள்களும் இந்தக் கணக்கில் சேரும்.

சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு வருகிற மூட்டுக் காய்ச்சல், நெருக்கடியான குடிசைகளில் வாழ்கிற ஏழைக் குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. அதனால் இருதய வால்வு கெட்டு, பிறகு செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர்கள் ரத்தம் உறையாமலிருக்க அசினோகுமராலோ வார்பரினோ ஆயுசு முழுவதும் சாப்பிடுகிறார்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு நேர் எதிரி. மழைக்காலத்தில் தினம் முருங்கைக்கீரை, கோடையில் கீரையே இல்லை என்றிருந்தால் மாத்திரையின் கணக்கு தாறுமாறாகும். அதற்காகக் கீரையை விட்டுவிட வேண்டாம். ஏழைக்கு அதுதானே சத்து? எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டு, ரத்தச் சோதனையைத் தவறாமல் செய்துகொண்டால் போதும்.

இருமலுக்கு அதிமதுரம் நல்ல சரக்கு. ஆனால் அளவுக்கு மேல், நாள்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் உப்பைத் தேக்கி ரத்தக் கொதிப்பை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒரு கை இறக்குகிறது, மறு கை ஏற்றுகிறது. நீர் போவதற்கான மாத்திரையும் கூடச் சேர்ந்தால் பொட்டாசியம் மேலும் இறங்கும். இருதயத் துடிப்பே தவறலாம்.

ரத்தச்சோகைக்கு நம் பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதைப் பலரும் எதோடு விழுங்குகிறார்கள்? டீயோடு! டீயில் உள்ள துவர்ப்பு இரும்பை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கிறது. மாத்திரைக்கும் டீக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ சாப்பிட்டால் இன்னும் நல்லது.

பொட்டலத்துக்குள் என்ன?

இதுவரை சொன்னது உண்மையான மூலிகையைப் பற்றி. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வருவதெல்லாம் மூலிகைதானா?

மூட்டைத் தூக்கித் தூக்கி முதுகு தேய்ந்தவர்களுக்கு, இரண்டே நாளில் மூட்டுவலி பறந்துபோகிற பொடி கிடைக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலப்பதை ஆராய்ச்சிக்கூடங்கள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. அது முகத்தை ஊதவைக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை உளுக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சீனாவின் ஷின்ஜியாங்கில் 2009-ம் வருஷம் சர்க்கரைக்கான ஒரு நாட்டு மருந்தைச் சாப்பிட்ட இரண்டு பேர் இறந்தார்கள். சோதித்தபோது அதற்குள் கிளிபென்கிளமைடு என்ற இங்கிலீஷ் மாத்திரை கலந்திருந்தது. ஒரு கையில் டாக்டர் கொடுத்த மாத்திரை, இன்னொரு கையில் மூலிகை வேஷம் போட்ட அதே மாத்திரை என்றால், அளவு இரட்டிப்பாகாதா?

ஏன் மறைக்கிறோம்?

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்லீங்கய்யா."

ஆஸ்பத்திரியில் தினமும் நடக்கிற பேச்சு இது. மடியில் சூரணப் பொட்டலம் இருக்கும். வாய் இல்லை என்று சொல்லும். நம் ஜனங்கள் பொய்க்காரர்களா? இல்லை. உண்மையைச் சொன்னால் திட்டு விழும் என்று தெரியும். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்காக ஒருநாள் கூலியை விட்டு வந்திருக்கிறார். அதையும் திட்டு வாங்குவதில் கழிக்க யாருக்கு மனம் வரும்?

நாட்டு மருந்தை நாடுவதும் மூடத்தனத்தால் மட்டும் அல்ல. பச்சைமலை அடிவாரத்தில் வேலியோரம் கிடைக்கிற இலைக்குப் பஸ் கட்டணம் இல்லை. வைத்தியர் நம் பேச்சில் பேசுகிறார், கையைப் பிடித்துப் பார்க்கிறார், குடும்பத்தை விசாரிக்கிறார். மரியாதை கிடைக்கிற இடத்துக்கு மனிதன் போகிறான். இதைப் புரிந்துகொள்ளாமல் திட்டினால் பழக்கம் மாறாது. மறைப்பது மட்டும் கூடும்.

இரண்டு வைத்தியமும் ஒன்றையொன்று அறிந்திருக்க முடியாது என்று சொல்ல முடியுமா? நம் மாகாணத்திலேயே அதற்கு முன்மாதிரி இருந்தது. உஸ்மான் கமிட்டியின் அறிக்கையை ஒட்டி 1925-ல் சென்னையில் சர்க்கார் இந்திய வைத்தியப் பள்ளி நடக்கத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, மேல்நாட்டு வைத்தியம் படித்தவர். சித்தமும் ஆயுர்வேதமும் யூனானியும் படித்த மாணவர்கள் அங்கே மேல்நாட்டு மருத்துவப் பாடங்களையும் படித்தார்கள். அந்த ஸ்தாபனம் பின்னால் கல்லூரியாக வளர்ந்து, 1960-ல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறியது. 1964-ல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி தனியே எழுந்தது. இரண்டு வைத்தியமும் இரண்டு கட்டடங்களுக்குப் போய்விட்டன. நோயாளியின் வயிறு மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

இன்று ஜில்லா ஆஸ்பத்திரியிலும், பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. ஒரே வளாகம், இரண்டு கதவு. இந்தக் கதவில் எழுதிய சீட்டை அந்தக் கதவில் பார்ப்பது யார் பொறுப்பு? 2017-ல் டெங்குக் காய்ச்சலின்போது சர்க்காரே நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. 2020-ல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீரைக் கொடுத்தது. திப்பிலி சேர்ந்த குடிநீர் அது. கொடுத்தவர்களில் எத்தனை பேர், "நீங்கள் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டார்கள்?

செய்ய வேண்டியது என்ன?

நம் கையில் உள்ளதை முதலில் சொல்லுகிறேன்.

ஒன்று: டாக்டரிடமும் வைத்தியரிடமும் மறைக்காதீர்கள். திட்டினாலும் சொல்லுங்கள். உங்கள் உடம்பு, உங்கள் உயிர். சொல்வது உங்கள் உரிமை.

இரண்டு: ஒரு நாலணா நோட்டுப்போல ஏதாவது ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மாத்திரை, சூரணம், கஷாயம், பெட்டிக்கடையில் வாங்கிய வலி மாத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அட்டையையும் பொட்டலத்தையும் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

மூன்று: சர்க்கரை, கொதிப்பு, வலிப்பு, காசநோய், இருதய நோய் இவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புதிய மூலிகையைத் தாமாகத் தொடங்கக் கூடாது. தொடங்கியிருந்தால் பயந்துபோய் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. போய்ச் சொல்லுங்கள், சோதித்துக்கொள்ளுங்கள்.

நான்கு: மருந்தால் கெடுதல் நேர்ந்தால், அது மாத்திரையானாலும் மூலிகையானாலும், 1800-180-3024 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் போன் செய்து தெரிவிக்கலாம். நாம் தெரிவிக்காத வரையில் கெடுதலே நடக்கவில்லை என்றுதான் கணக்கில் இருக்கும்.

இனி சர்க்காரிடம் கேட்க வேண்டியது.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் உள்ள மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். மாத்திரை கொண்டுவருகிற சகோதரியின் பதிவேட்டில் ஒரு வரியைச் சேர்க்கட்டும்: "வேறு என்ன மருந்து, என்ன மூலிகை சாப்பிடுகிறீர்கள்?" இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. அந்தச் சகோதரிக்குப் பயிற்சியும், உழைப்புக்கேற்ற ஊதியமும் கொடுக்கட்டும்.

சித்தப் பிரிவுக்கும் பொதுப் பிரிவுக்கும் ஒரே சீட்டு வேண்டும். எந்த மருந்தோடு எந்த மூலிகை ஆகாது என்ற பட்டியல் தமிழில், பெரிய எழுத்தில், மருந்து கொடுக்கிற ஜன்னல் பக்கத்தில் தொங்க வேண்டும். சித்த வைத்தியர் டாக்டருடன் சமமாக உட்கார்ந்து பேச இடம் வேண்டும்.

விளம்பரக்காரர்களுக்குக் கடிவாளம் வேண்டும். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ம் வருஷச் சட்டப்படியே குற்றம். ஆயுர்வேத, சித்த மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்று 2018-ல் ஒரு விதி வந்தது. 2024 ஜூலையில் மத்திய சர்க்கார் அந்த விதியையே நீக்குவதாக அறிவித்தது. யாருடைய லாபத்துக்காக? கண்வலி விதைக்கு மகரந்தம் தடவிய பெண்ணுக்காகவா? நிச்சயமாக இல்லை.

தோழர்களே! மூலிகையைப் பழிக்க இதை எழுதவில்லை. மாத்திரையைப் புகழவும் எழுதவில்லை. இரண்டுக்கும் வீரியம் உண்டு. இரண்டும் உழைப்பாளியின் காசில் வாங்கப்படுபவை. பையைத் திறந்து மேஜை மேல் வைத்து, "ஐயா, இதெல்லாம் நான் சாப்பிடுகிறேன்; சேருமா, சேராதா?" என்று அடுத்த முறை கேளுங்கள். ஒருவர் கேட்டால் திட்டுவார்கள். ஊரே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.